குறைமாதத்தில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளின் இரத்தசோகை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எட்டாம் மாதம் நிறைவதற்கு முன்பே, 1,500 கிராமுக்கும் குறைவான எடையோடு பிறந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வளரும் குழந்தைகளின் பெற்றோருக்காக இது எழுதப்பட்டது. மூச்சுத் திணறலையும் நோய்த்தொற்றையும் தாண்டி வந்துவிட்டோம், இனி எடை ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்று அவர்கள் மூச்சு விடத் தொடங்கும் வேளையில்தான், பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில், “குழந்தைக்கு இரத்தம் குறைந்திருக்கிறது, ஏற்ற வேண்டியிருக்கலாம்” என்று மருத்துவர் சொல்கிறார். அந்த நேரத்தில் எழும் கேள்விகளே இங்கே உள்ளன.

குழந்தைக்கு வந்திருப்பது என்ன வகை இரத்தசோகை?

பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் சில வாரங்களில் ஹீமோகுளோபின் இறங்கத்தான் செய்யும். நிறைமாதக் குழந்தைக்கு அது 8 முதல் 12 வாரங்களில் டெசிலிட்டருக்கு 10 அல்லது 11 கிராம் வரை இறங்கி, எந்தத் தொந்தரவும் தராமல் தானாகவே ஏறிவிடும். குறைமாதக் குழந்தைக்கு இந்த இறக்கம் 4 முதல் 8 வாரங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது, ஆழமாகவும் இருக்கிறது. 1,000 முதல் 1,500 கிராம் எடையில் பிறந்தவர்களுக்கு 8 அல்லது 9 கிராம் வரையிலும், 1,000 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு 7 கிராம் அளவுக்கும் இறங்குவதைக் காணலாம். இதையே குறைமாத இரத்தசோகை என்கிறோம். பெரியவர்களிடம் காணப்படும் சத்துக்குறைவு இரத்தசோகை வேறு. தொடக்க வாரங்களில் இது முதன்மையாகச் சத்துக்குறைவால் வருவதல்ல. இந்த வேறுபாடு புரிந்தால், பின்னால் வரும் பல முடிவுகளின் காரணமும் புரியும்.

ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு இறங்குகிறது?

காரணம் ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு சேருகின்றன.

இரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மஜ்ஜைக்கு ஆணையிடுவது எரித்ரோபோய்ட்டின் என்ற ஹார்மோன். பெரியவர்களுக்கு அது சிறுநீரகத்தில் சுரக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கோ பெரும்பாலும் கல்லீரலில் சுரக்கிறது. ஆக்ஸிஜன் குறைகிறது என்பதைச் சிறுநீரகம் சட்டென்று உணர்ந்துகொள்ளும், கல்லீரல் அவ்வளவு எளிதில் உணராது. கருப்பையில் ஆக்ஸிஜன் குறைவாகவே இருப்பதால் அங்கே அது போதுமானதாக இருந்தது. பிறந்து, நுரையீரல் வழியே மூச்சு வாங்கத் தொடங்கியதும் இரத்தத்தில் ஆக்ஸிஜன் திடீரென்று கூடுகிறது. ஹார்மோன் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பிறகு ஹீமோகுளோபின் இறங்கும்போது மறுபடி சுரக்க வேண்டும். ஆனால் கல்லீரலிலிருந்து சிறுநீரகத்துக்குப் பொறுப்பு கைமாறும் முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த அழைப்பு மிகத் தாமதமாகவும் மெலிதாகவும்தான் போகிறது.

இரண்டாவது, சிவப்பணுக்களின் ஆயுள். பெரியவர்களின் சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். நிறைமாதக் குழந்தையுடையது 60 முதல் 90 நாட்கள். குறைமாதக் குழந்தையுடையது 35 முதல் 50 நாட்கள் மட்டுமே. மூன்றாவது, வளர்ச்சி. பிறந்த எடையைச் சில வாரங்களில் இருமடங்காக்கும் குழந்தைக்கு உடல் வளரும் வேகத்துக்கு ஈடாக இரத்தமும் பெருக வேண்டும். பெருகாவிட்டால் இருக்கும் சிவப்பணுக்கள் நீர்த்துப்போகும். நான்காவது, பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரும்புச்சத்து இந்தப் பட்டியலில் முதலில் இல்லாததைக் கவனியுங்கள். கருவில் சேரும் இரும்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் சேருகிறது என்பதால் இந்தக் குழந்தைகளின் கையிருப்பு குறைவுதான். ஆனாலும் முதல் சில வாரங்களில் இரும்புப் பற்றாக்குறையைவிட உற்பத்திக்கான ஆணை இல்லாததே முதன்மையான குறை. இரும்புக் குறைபாடு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பின்பு, தலைகாட்டுகிறது.

கர்ப்ப காலத்தில் எனக்கு இரத்தம் குறைவாக இருந்தது. அதனால்தான் குழந்தைக்கும் வந்ததா?

பெரும்பாலும் இல்லை. தாய்க்கு மிதமான இரத்தசோகை இருந்தாலும் நஞ்சுக்கொடி தாயின் இரும்பைக் குழந்தைக்கே முதலில் அனுப்புகிறது. தாயின் இரத்தசோகை கடுமையாக இருந்தால் குழந்தையின் இரும்புக் கையிருப்பு குறையலாம், குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடலாம். ஆனால் மேலே சொன்ன நான்கு காரணங்களும் நல்ல ஹீமோகுளோபினோடு இருந்த தாயின் குறைமாதக் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும். “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா” என்று பிரசவித்த பெண்ணிடம் உறவினர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பதைக் குடும்பத்தார் அனைவருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தினமும் இரத்தம் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு, பிறகு இரத்தம் குறைவு என்கிறார்களே?

நியாயமான கேள்வி, கேட்கத் தயங்க வேண்டியதும் இல்லை. குறைமாதக் குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 100 மில்லி இரத்தம்தான் இருக்கும். 900 கிராம் குழந்தையின் மொத்த இரத்தமும் டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் அடங்கிவிடும். அதிலிருந்து 1 மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடமிருந்து ஒரே முறையில் 50 மில்லிக்கு மேல் எடுப்பதற்குச் சமம். மூச்சுக் கருவியில் இருக்கும் குழந்தைக்கு இரத்த வாயுக்கள், சர்க்கரை, உப்புகள், தொற்று, மஞ்சள் காமாலை என்று ஒரே நாளில் பல பரிசோதனைகள் நடக்கும். மிகச் சிறிய குழந்தைகளிடமிருந்து முதல் சில வாரங்களில் எடுக்கப்படும் மொத்த இரத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், அது குழந்தை பிறந்தபோது உடலில் இருந்த மொத்த இரத்தத்தின் அளவையே எட்டிவிடக்கூடும்.

இந்தப் பரிசோதனைகளில் பல உயிர்காப்பவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் குறைக்க வழிகள் உண்டு. பிறந்தவுடன் செய்யும் முதல் பரிசோதனைகளுக்குக் குழந்தையைக் குத்தாமல், நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் இரத்தத்தையே பயன்படுத்தலாம். சில துளிகளே போதுமான சிறு குழாய்களையும், படுக்கையருகிலேயே முடிவு தரும் கருவிகளையும் பயன்படுத்தலாம். ஆக்ஸிஜன் அளவைப் பாதத்தில் கட்டும் ஒளிக்கருவியாலும், மஞ்சள் காமாலையைத் தோலின்மேல் வைத்துப் பார்க்கும் கருவியாலும் பெருமளவு கண்காணிக்க முடியும். எல்லாவற்றையும்விட, வழக்கமாகச் செய்வது என்பதற்காக ஒரு பரிசோதனையை எழுதாமல், இன்று இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்று கேட்டுக்கொண்டு எழுதுவதே பெரிய சேமிப்பு. என் பார்வையில், எடுத்த இரத்தத்தின் அளவையும் குழந்தையின் குறிப்பேட்டில் நாள்தோறும் மில்லிக் கணக்கில் எழுதுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். பாலையும் சிறுநீரையும் அளந்து எழுதும் இடத்தில் இரத்தத்தை எழுதாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. பெற்றோர் இந்தக் கணக்கைப் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தொப்புள்கொடியைத் தாமதமாக வெட்டினால் இரத்தம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பிறக்கும் நொடியில் குழந்தைக்கு உரிய இரத்தம் முழுவதும் குழந்தைக்குள் இருப்பதில்லை; ஒரு பகுதி கொடியிலும் நஞ்சிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் குறையக் குறைய அந்தப் பகுதி பெரிதாகிறது. 30 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு அது ஏறக்குறைய பாதி. உடனே கவ்வி வெட்டினால் அந்த இரத்தம் நஞ்சோடு வெளியே போய்விடுகிறது. காத்திருந்தால் அதில் கணிசமான பங்கு குழந்தைக்குள் வந்து சேர்கிறது. உடனடியாக உயிர்ப்பிக்கும் சிகிச்சை தேவைப்படாத குழந்தைக்கு, குறைமாதமானாலும் நிறைமாதமானாலும், 1 நிமிடத்துக்கு முன் கொடியைக் கவ்வ வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதனால் பின்னர் இரத்தம் ஏற்றும் தேவை குறைகிறது. பல நாடுகளின் ஆய்வுத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வு, தாமதித்து வெட்டப்பட்ட குறைமாதக் குழந்தைகளிடையே மருத்துவமனையில் நிகழும் இறப்புகளும் குறைவாக இருப்பதைக் காட்டியது. சிசேரியன் பிரசவத்திலும் இதைச் செய்ய முடியும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்து தாய்க்கு இரத்தப்போக்கு இருந்தால் முடியாது.

காத்திருக்க நேரமில்லாத போது கொடியைக் குழந்தையை நோக்கி உருவிவிடும் முறை ஒன்று உண்டு. அதை 28 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்குச் செய்யக் கூடாது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 23 முதல் 27 வாரங்களில் பிறந்து, கொடி உருவப்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினருக்குக் கடுமையான மூளை இரத்தக்கசிவு ஏற்பட்டது; தாமதித்து வெட்டப்பட்டவர்களில் அது 6 விழுக்காடு. அந்த வயதினருக்கான ஆய்வு அத்துடன் நிறுத்தப்பட்டது.

குறைப்பிரசவ வலி தொடங்கிவிட்ட நிலையிலும், கொடியைத் தாமதித்து வெட்ட இயலுமா என்று பிரசவ அறைக்குப் போகும் முன் கேட்டு வைப்பது நல்லது.

ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கினால் இரத்தம் ஏற்றுவார்கள்?

ஒரே எண் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. குழந்தை பிறந்து எத்தனை வாரம் ஆகிறது, மூச்சுக்கு உதவி தேவைப்படுகிறதா என்ற இரண்டையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 2024-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, மூச்சு உதவியில் இருக்கும் குழந்தைக்கு முதல் வாரத்தில் 11, இரண்டாம் வாரத்தில் 10, மூன்றாம் வாரம் முதல் 9 கிராமுக்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவது பற்றி யோசிக்கலாம். மூச்சு உதவி தேவைப்படாத குழந்தைக்கு இவை முறையே 10, 8.5, 7 கிராம். அறுவைச் சிகிச்சை, கடும் தொற்று, திடீர் இரத்தப்போக்கு போன்ற நிலைகளில் இந்த எண்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னும் அதிகமாக வைத்திருந்தால் மூளை வளர்ச்சிக்கு நல்லதல்லவா? ஏன் 7 வரை காத்திருக்க வேண்டும்?

மருத்துவர்களுக்கும் நீண்டகாலம் இதே ஐயம் இருந்தது. மூளைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைந்தால் பின்னாளில் பேச்சு, நடை, அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும் என்ற அச்சத்தில் பலர் தாராளமாக இரத்தம் ஏற்றினார்கள். 2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. அமெரிக்காவில் நடந்த ‘டாப்’ ஆய்வில் 1,000 கிராமோ அதற்குக் குறைவாகவோ எடை கொண்ட 1,824 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவுக்கு உயர்ந்த அளவிலேயும் மறு பிரிவுக்குத் தாழ்ந்த அளவிலேயும் இரத்தம் ஏற்றப்பட்டது. சுமார் 2 வயதில் பார்த்தபோது, இறப்போ வளர்ச்சிக் குறைபாடோ நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 50.1 விழுக்காடு, இரண்டாவதில் 49.8 விழுக்காடு. ஐரோப்பாவில் 1,013 குழந்தைகளிடம் நடந்த ‘எட்னோ’ ஆய்வில் அவை 44.4, 42.9. அதாவது, தாராளமாக ஏற்றியதால் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

இந்த எண்களைப் படிக்கும் பெற்றோர் பாதிப் பேருக்கா என்று திகைக்கக் கூடும். அவை 1 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு உரியவை; குறைமாதத்தின் எல்லா விளைவுகளையும் உள்ளடக்கியவை; இரத்தசோகையால் மட்டும் வந்தவை அல்ல. 1,200 அல்லது 1,400 கிராமில் பிறந்த குழந்தையின் எதிர்காலத்தை அவற்றைக் கொண்டு அளக்கக் கூடாது.

இரத்தம் ஏற்றுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஏற்றப்படும் பெரியவர்களின் ஹீமோகுளோபின் திசுக்களுக்கு ஆக்ஸிஜனை எளிதில் விட்டுக்கொடுப்பதால், சொந்த உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் இன்னும் அடங்கிப்போகிறது. குழந்தையின் மஜ்ஜை விழித்துக்கொள்ள ஒரு சிறு பற்றாக்குறை தேவைப்படுகிறது.

எண் சரியாக இருந்தும் குழந்தை வாடியிருந்தால்?

எண்ணைவிடக் குழந்தைதான் முக்கியம். அழாமல் படுத்திருக்கும்போதும் இதயத்துடிப்பு கூடியே இருப்பது, பால் போதுமான அளவு போயும் எடை ஏறாமல் நிற்பது, பாலாடையில் புகட்டும்போது சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடுவது, மூச்சு இடையிடையே நின்று நின்று வருவது, விட்டிருந்த ஆக்ஸிஜன் மறுபடி தேவைப்படுவது ஆகியவை இரத்தக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை தொற்றிலும் வரும் என்பதால் மருத்துவர் இரண்டையும் மனத்தில் வைத்தே பார்ப்பார். இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தால் மஜ்ஜை விழித்துக்கொண்டது என்று பொருள். அப்போது இரத்தம் ஏற்றாமல் சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பதுண்டு.

அப்பாவின் இரத்தமே பொருந்துகிறது. அதையே ஏற்றலாமே?

பாசத்தில் எழும் கேள்வி. ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறானது. உறவினரின் திசு அடையாளங்கள் குழந்தையினுடையவற்றோடு ஓரளவு ஒத்துப்போவதால், அந்த இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அயல் என்று குழந்தையின் உடல் கண்டுகொள்ளாது. அவை உள்ளே பெருகிக் குழந்தையின் உறுப்புகளையே தாக்கக்கூடும். அரிதாகவே நிகழும், ஆனால் நிகழ்ந்தால் உயிரைப் பறித்துவிடும். கதிர்வீச்சு செலுத்தப்பட்ட இரத்தத்தில் இந்த ஆபத்து இல்லை. எனவே உறவில்லாத கொடையாளரின் இரத்தத்தை, வெள்ளணுக்கள் வடிகட்டப்பட்ட நிலையில், வசதி உள்ள இடங்களில் கதிர்வீச்சும் செலுத்தித் தருகிறார்கள். இரத்த வங்கி உறவினர்களைக் கொடை தரச் சொல்வது, எடுத்த இரத்தத்துக்கு ஈடாக வங்கியின் இருப்பை நிரப்பத்தான். அது உங்கள் குழந்தைக்கே வர வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லி வீதம், 2 முதல் 4 மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். அடுத்தடுத்து தேவைப்படும் என்று தோன்றினால், ஒரே கொடையாளரின் இரத்தத்தைச் சிறு பைகளாகப் பிரித்து இந்தக் குழந்தைக்கென்றே ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். மூன்று முறை ஏற்றினாலும் ஒரே ஒருவரின் இரத்தமாகவே இருக்கும். இந்த வசதி இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். பழைய இரத்தம் வேண்டாம், இன்று எடுத்ததுதான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. 7 நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தையும் வழக்கமான சேமிப்பு இரத்தத்தையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான கனடா ஆய்வில் வேறுபாடு காணப்படவில்லை.

இரத்தத்தின் வழியாக நோய் பரவுமா?

இந்தியாவில் ஒவ்வொரு பை இரத்தமும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆபத்து மிகக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. தேவையில்லாமல் ஏற்றக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவப்பணுவைப் பெருக்கும் ஊசி போடலாமா?

எரித்ரோபோய்ட்டின் ஊசி இரத்தம் ஏற்றும் தேவையை ஓரளவு குறைக்கிறது. ஆனால் முதல் இரத்தம் பெரும்பாலும் அது வேலை செய்யத் தொடங்கும் முன்பே ஏற்றப்பட்டுவிடுகிறது. மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கையும், 941 குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ‘பெனட்’ ஆய்வில் நிறைவேறவில்லை. ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகப் போடப்படுவதில்லை.

இரும்புச் சொட்டு மருந்து எப்போது தொடங்க வேண்டும்?

தாய்ப்பாலோ கொடைத் தாய்ப்பாலோ குடிக்கும் 1,500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளுக்கு, 2 வாரம் முதல் 6 மாதம் வரை, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2011-இல் சொன்ன அளவு. ஒரு மாதத்தில் தொடங்கி ஒரு வயது வரை தருவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைக்கு அவர் தாமதிக்கலாம், ஏனெனில் ஏற்றப்படும் சிவப்பணுவின் ஒவ்வொரு மில்லியிலும் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஃபெரிட்டின் பரிசோதனையால் கையிருப்பைத் தெரிந்துகொண்டு தொடங்குவார்.

நான் முருங்கைக்கீரையும் ஈரலும் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியே இரும்பு போகாதா?

சாப்பிடுங்கள், பிரசவத்தில் இழந்த இரத்தத்தை ஈடுகட்ட உங்களுக்கு அது தேவை. ஆனால் தாய்ப்பாலின் இரும்பு தாயின் உணவால் கூடுவதில்லை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருப்பதே சுமார் 0.3 முதல் 0.4 மில்லிகிராம்தான். 1.5 கிலோ குழந்தை நாளுக்கு 240 மில்லி குடித்தாலும் அதன் வழியே கிடைப்பது 0.1 மில்லிகிராமைத் தாண்டாது. தேவையோ 3 முதல் 6 மில்லிகிராம். இந்தக் கணக்கைச் சொல்வது தாய்ப்பாலைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. குடல் அழற்சியிலிருந்தும் தொற்றிலிருந்தும் இந்தக் குழந்தைகளைக் காக்கத் தாய்ப்பாலுக்கு இணை இல்லை. இரும்பை மட்டும் சொட்டு மருந்தாகச் சேர்த்தால் போதும்.

சொட்டு மருந்து கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு நிறுவனத்தின் மருந்திலும் ஒரு மில்லிக்கு உள்ள இரும்பு வெவ்வேறு. கடையில் வேறு பெயரில் மாற்றித் தந்தால், “அதே அளவு கொடுங்கள்” என்ற சொல்லை நம்பிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சொட்டு எண்ணிக்கையாக இல்லாமல் மில்லி அளவாக எழுதித் தரச் சொல்லுங்கள். எடை கூடக் கூட அளவும் கூட வேண்டும். 1.4 கிலோவில் எழுதிய அளவையே 3 கிலோவிலும் கொடுத்துக்கொண்டிருப்பது வீட்டில் மிக எளிதாக நேரக்கூடிய தவறு. மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது இயல்பு. வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் புட்டியையும் உங்கள் இரும்பு மாத்திரைகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதிக அளவு இரும்பு சிறு குழந்தைக்கு நஞ்சு.

உரை மருந்து, தேன், பசும்பால் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் அன்போடு உரைத்துத் தரும் மருந்தாக இருந்தாலும், இந்தக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. உரைக்கல்லிலும் நீரிலும் உள்ள கிருமி போதும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் ஆபத்து. பசும்பால் ஒரு வயதுக்கு முன் கொடுத்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவை உண்டாக்கி, இரத்தசோகையை மோசமாக்கும்.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த பழைய துணிகளைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் வரும். பாட்டியின் மெல்லிய பருத்திப் புடவைதான் விரிக்கப் போகிறீர்கள் என்றால், நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசனை முற்றிலும் போன பிறகு விரியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

எத்தனை முறை, எந்தெந்தத் தேதியில் இரத்தம் ஏற்றப்பட்டது, கடைசி ஹீமோகுளோபின் எவ்வளவு, இளம் சிவப்பணு எண்ணிக்கை என்ன, இரும்பு மருந்தின் பெயரும் மில்லி அளவும், எந்த எடையை வைத்து அது கணக்கிடப்பட்டது, அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்பவை இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில்தான் சில குழந்தைகளின் ஹீமோகுளோபின் மிகக் கீழே இறங்குகிறது. குழந்தை எடை ஏறி நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்தாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ, உள்ளங்கையும் உதடும் வெளுத்தாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே செல்லுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால், இரவானாலும், உடனே அருகிலுள்ள பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்கு, அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும்.